கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

இரண்டு வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருக்கிறீர்கள். ஒருவர், ‘ஆள் இருக்கிறாரா, இல்லையா?’ என்றே கேட்டுவிட்டார். இருக்கிறேன் ஐயா. ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலில் அல்ல – கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில்.

கட்டிலில் இருந்தது என் மனைவி பிலோமினா.

எமர்ஜென்சி வார்டுக்குப் போனால் என்ன நடக்கும், என்ன கேட்பார்கள், கையில் என்ன கொண்டுபோக வேண்டும்... இதையெல்லாம் உங்களுக்கு உபயோகமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதவும் செய்கிறேன். ஆனால் நடுவில் ஒரு பொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்ன பொய். எழுபத்து நான்கு வயதில், ஒரு டாக்டரிடம்.

கடைசியாக நான் எழுதிய பத்தி ஞாபகம் இருக்கிறதா? மீன் வாங்குவதைப் பற்றியது. மீன்கார அம்மா வாசலில் சட்டியை இறக்கியதும் என் மனைவி நடத்துகிற விசாரணை. செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கண்ணைப் பார்ப்பது, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது, நேற்றைய மீன் செய்த குற்றத்துக்கு இன்றைய மீனைக் கூண்டில் ஏற்றுவது... நீங்கள் ரசித்தீர்கள். போன் செய்தீர்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ரசிக்காத வாசகி ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் இரண்டு பெண்கள் அவளை, “வாங்க ஜட்ஜம்மா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என்னப் பத்தி எழுதுததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘தப்புதான்’ என்று. நான் சொன்னது – “தமாஷத் தமாஷா எடுத்துக்கத் தெரியாதா ஒனக்கு?”

அதோடு பேச்சு நின்றது. அவள் பேசவில்லை. அவள் பேசாததால் நானும் பேசவில்லை. திங்கள், செவ்வாய், புதன்... காலை ஆறரைக்குக் காபி டம்ளர் மேசையில் ‘டக்’ என்று இறங்கும். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன். படித்த மனிதன் அல்லவா? கவுரவம் இருக்கிறதே.

வியாழக்கிழமையும் டக். தலையைத் தூக்கவில்லை.

பதினொன்று ஐந்து இருக்கும். முன்னறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறையில் குழாய் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிலோமினா ஒரு சொட்டை வீணாக்க மாட்டாள். அப்படியானால் இது வேண்டுமென்றே செய்வது... என்னை வாய் திறக்க வைக்க ஒரு தந்திரம்... ‘குழாயை மூடு’ என்று கத்தினால் நான் தோற்றேன். அப்படித்தான் நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

பத்து நிமிஷம். அவசரமாக வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பத்து நிமிஷம்.

பிறகு, தோற்றுத் தொலைவோம் என்று எழுந்து போனேன்.

அவள் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையோ போல. பக்கத்தில் அரிவாள்மணை. பாதி செதில் சீவிய ஒரு விளைமீன்.

“என்ன பிலோமி?” என்றேன். நான்கு நாளில் முதல் வார்த்தை.

அவள் பதில் சொன்னாள். அதாவது, சொல்லப் பார்த்தாள். வந்தது வார்த்தை இல்லை.

எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை. கடைக்காரர் என்னைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் தெருவுக்கே அண்ணாச்சி. நான் போட்ட சத்தத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் என்னவெல்லாமோ விளக்க ஆரம்பித்தேன்.

“சார், வெளக்கமெல்லாம் கார்ல வச்சுச் சொல்லுங்க. இப்ப அந்தப் பக்கம் பிடிங்க” என்றார்.

அவருடைய காரிலேயே போனோம். பதினொன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி.

முதல் தகவல்: எமர்ஜென்சியில் நோயாளியோடு ஒருவருக்குத்தான் அனுமதி. வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். “ஒரு ஆளுதான்.”

அண்ணாச்சி சொன்னார்: “சாரால தூக்க முடியாது. என்னால இங்கிலீசு பேச முடியாது. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளு.”

செக்யூரிட்டி ஒரு விநாடி யோசித்துவிட்டு விலகி நின்றார்.

இரண்டாவது தகவல்: அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு கிடையாது. வாசலுக்கு அருகிலேயே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்கிற முதல் பார்வைதான் எல்லாம். எங்களுக்கு முன்னால் ஒருவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டெல்லாம் ரத்தம். நர்ஸ் பிலோமினாவிடம் வந்து, “அம்மா, சிரிங்க... ரெண்டு கையையும் தூக்குங்க... பேரு சொல்லுங்க...” என்றார். மூன்றும் சரியாக வரவில்லை. உடனே சக்கரக் கட்டில் வந்துவிட்டது.

“ஏம்மா, ரத்தம் சொட்டிக்கிட்டு நான் ஒரு மணி நேரமா இருக்கேன். அவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லயே” என்றார் துண்டுக்காரர்.

“உங்களால கேக்க முடியுது. அவங்களால முடியல. அதான்” என்றார் நர்ஸ்.

ஆகவே, எமர்ஜென்சியில் உங்களை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் வந்தவரை உள்ளே கொண்டுபோனால் சண்டை போடாதீர்கள். சந்தோஷப்படுங்கள்... நீங்கள் அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது தகவல்தான் முக்கியம். கேட்டதையே கேட்பார்கள். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது – கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

முதலில் நர்ஸ் கேட்டார். “காலையில நல்லா இருந்தாம்மா” என்றேன். அப்புறம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தவர் கேட்டார். “பத்து மணி இருக்கும்” என்றேன். ஈ.சி.ஜி. எடுத்தவர் கேட்டார். “பத்து மணி.” நான்காவதாக டியூட்டி டாக்டர் கேட்டார் – இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும் பெண். அதற்குள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. “பத்து மணிக்கு எங்கிட்ட நல்லா பேசிக்கிட்டு இருந்தா டாக்டர்.”

பாருங்கள், ஒரு பொய் எப்படிப் படிப்படியாகத் தடித்தது என்று. ஏன் சொன்னேன்? பக்கத்தில் அண்ணாச்சி நிற்கிறார். ‘நாலு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை’ என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது? அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன் கழுத்தில், காதில் இருப்பதைக் கழற்றித் தரச் சொன்னார்கள். தாலிச் சங்கிலியின் கொக்கியை என்னால் கழற்ற முடியவில்லை. நாற்பத்தாறு வருடம் முன்பு அதைப் போட்டுவிட்டது நான்தான். எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை. நர்ஸ் ஒரே விநாடியில் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன மாத்திரை சாப்பிடுறாங்க ஐயா?”

“பிரஷர் மாத்திரை.”

“பேரு?”

“வெள்ளையா... சின்னதா இருக்கும்.”

நர்ஸ் எழுதவில்லை. அண்ணாச்சி தன் மனைவிக்குப் போன் போட்டார். திறந்து கிடந்த எங்கள் வீட்டுக்கு அந்த அம்மாள் போய், மாத்திரை டப்பாவைத் தேடி, ஒவ்வொரு அட்டையாகப் போட்டோ எடுத்து அனுப்பினார். இதை மட்டுமாவது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். வெள்ளையாக, சின்னதாக இருக்கும் மாத்திரைகள் உலகத்தில் ஏராளம்.

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் ஒரு பேப்பரோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார்.

“சார், ரத்தக்கசிவு இல்ல. மூளைக்குப் போற குழாய்ல அடைப்பு. அத கரைக்கிறதுக்கு ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்திலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். போட்டா பேச்சும் கையும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஆனா நேரம் தாண்டிப் போட்டா, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனாலதான் எல்லாரும் அதையே கேக்கிறோம். பத்து மணிக்கு நல்லா பேசினாங்க... உறுதிதானே? உறுதின்னா இங்க கையெழுத்து.”

பேனாவை வாங்கினேன்.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு வெளியே நங்கூரம் போட்டது, கப்பலை உள்ளே ஓட்டிவரும் பைலட் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு முதல் கயிறு கரையில் விழுந்தது – எல்லாம் நிமிஷக் கணக்கில். கேப்டனும் நானும் கையெழுத்துப் போடுவோம். ஒரு நிமிஷம்கூட நான் பொய்யாக எழுதியதில்லை. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற கப்பல்களுக்கு.

கையெழுத்துப் போடக் குனிந்தபோது பிலோமினாவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லையே தவிர, சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. நன்றாக இருந்த இடது கையைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக ஆட்டினாள். இல்லை... இல்லை.

பேனாவைக் கீழே வைத்தேன்.

“டாக்டர், பத்து மணிக்கு அவ எங்கிட்ட பேசல.”

“அப்போ கடைசியா உங்ககிட்ட எப்பப் பேசினாங்க?”

“ஞாயித்துக்கிழம.”

டாக்டரின் முகம் மாறிவிட்டது. “ஞாயித்துக்கிழமையிலேருந்து பேச்சு வரலையா? இன்னைக்கு வியாழன் சார்...”

“பேச்சு வந்துச்சும்மா. எங்கிட்ட பேசல. சண்டை.”

அண்ணாச்சி சுவரிலிருந்த கை கழுவும் படத்தை மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். “இன்னைக்குக் காலைல முகத்தையாவது பாத்தீங்களா?”

“இல்ல.”

“கை, கால் நல்லா இருந்துச்சான்னு?”

“காபி வந்துச்சு. நான் நிமிந்து பாக்கல.”

“சரி. நேரம் தெரியலைன்னா, கடைசியா அவங்கள நல்லபடியா யார் பாத்தாங்களோ அந்த நேரத்திலேருந்துதான் நாங்க கணக்கு வைக்கணும். அப்படி யாருமே இல்லன்னா இந்த ஊசி போட முடியாது சார். அவங்க காலைல வேற யார்கிட்ட பேசுவாங்க?”

எவ்வளவு சாதாரணக் கேள்வி. என் மனைவி ஒரு நாளில் யார் யாரிடம் பேசுவாள்? எனக்குத் தெரியவில்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. பத்தி எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவளைப் பற்றியே எழுதியிருக்கிறேன்; ஆனாலும் தெரியவில்லை.

அப்புறம்தான் தரையில் கிடந்த அந்தப் பாதி சீவிய மீன் ஞாபகம் வந்தது. அது தானாக வீட்டுக்குள் வந்திருக்காதே?

“அண்ணாச்சி, மீன்காரம்மா வந்திருக்கா” என்றேன்.

அவர் அதற்குள் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். “ஏளா, மீன்காரி சகாயம் நம்பர் ஒங்கிட்ட இருக்கா? ஏன் எதுக்குன்னு கேக்காத. நம்பர மட்டும் சொல்லு.”

சகாயம் போனை எடுத்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் முன்னால் நீட்டினார்.

“சகாயம், நாந்தான், கடைக்கார அண்ணாச்சி. பிலோமினா அக்காவுக்கு முடியல. ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டரம்மா ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணுங்காவ.”

வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே சகாயத்தின் குரல் உயர்ந்தது.

“சேசுவே... அக்காவுக்கா? காலைல நல்லாத்தான இருந்தாவ.”

டாக்டர் கேட்டார்: “அவங்க பேச்சு தெளிவா இருந்துச்சாம்மா? குழறல் ஏதும்...”

“கொழறலா? நேத்து நான் குடுத்த மீனு செவுளு வெளுத்துப் போச்சுன்னு வாங்கு வாங்குன்னு வாங்குனாவ. ஒரு எழுத்து பிசகல. அவிய வீட்டு சாரு வேற பேப்பர்ல என்னமோ எழுதிப்புட்டாவளாம், அந்தக் கோவத்தையும் சேத்து எங்கிட்டதான் காட்டுனாவ.”

நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. ரொம்பவும் முயற்சி செய்து பார்க்காமல் இருந்தார்.

“எத்தனை மணி இருக்கும்மா? சரியா தெரியணும்.”

“எங்கிட்ட வாச்சு கெடையாது டாக்டரம்மா. ஆனா சட்டியத் தூக்கப் போறப்போ எம்மவ பெரியதாழையிலருந்து போன் போட்டா. அவளுக்கு இது எட்டாம் மாசம். அக்காதான் போன வாங்கி அவகிட்ட பேசுனாவ. காலு வீக்கம் கொறஞ்சிருக்கா, ஆஸ்பத்திரில காட்டுனியான்னு தெனமும் கேப்பாவ. அந்தப் போன்ல நேரம் கெடக்குமுல்லா?”

“கெடக்கும்மா. பாத்துச் சொல்லுங்க.”

“எனக்குப் பாக்கத் தெரியாது. இருங்க, இங்கன டீக்கடைக்காரவுகட்ட குடுக்கேன்.”

டீக்கடைக்காரர் பார்த்துச் சொன்னார். அழைப்பு வந்தது ஒன்பது நாற்பத்து நாலு. ஏழு நிமிஷம் பேசியிருக்கிறார்கள். டாக்டர் சகாயத்தின் மகள் நம்பரையும் வாங்கிக் கூப்பிட்டார். கடைசி வரை பேச்சு தெளிவாக இருந்தது, போனை வைக்கும்போது ‘சாயங்காலம் நடக்கப் போ’ என்றுகூடச் சொன்னாள் என்று அந்தப் பெண் உறுதியாகச் சொன்னது.

டாக்டர் காகிதத்தில் எழுதினார்: 9.51.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்து. “நேரம் இருக்கு” என்றார்.

என் பொய்க்கும் உண்மைக்கும் ஒன்பது நிமிஷம்தான் வித்தியாசம் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்லலாம். அண்ணாச்சியும் சொன்னார். நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒட்டவில்லை. ஒன்பது மணி நேரமாக இருந்திருந்தாலும் அந்த இடத்தில் நான் பத்து மணி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த முறை கையெழுத்துப் போட்டேன்.

ஊசி என்றால் ஒரு குத்து என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதலில் கொஞ்சம் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். கால் மணிக்கு ஒரு தரம் பிரஷர் பார்க்கிறார்கள். விரலை அசைக்கச் சொல்கிறார்கள், சிரிக்கச் சொல்கிறார்கள். நாம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். நிமிர்ந்து, நன்றாக.

நாற்பது நிமிஷம் கழித்து சுண்டுவிரல் அசைந்தது. என் பிரமையோ என்று நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் தன் விரலைக் கொடுத்து, “பிடிங்கம்மா” என்றார். பிடித்தாள். பலமாக இல்லை. ஆனால் பிடித்தாள்.

மறுநாள் ஐ.சி.யூ.வில் ஐந்து நிமிஷம் விட்டார்கள். நான்கு நாள் பாக்கியை அந்த ஐந்து நிமிஷத்தில் பேசித் தீர்த்துவிட முயன்றேன். மன்னிப்பு, கண்ணீர், வீட்டு விஷயம், தெரு விஷயம்... எல்லாம் கலந்துகட்டி. அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“சும்மா... இருங்க.”

எனக்கு அதுவே தேவ வாக்கு.

இப்போது வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. நடக்கிறாள். கையில் டம்ளரைப் பிடிக்கிறாள். வார்த்தைகள்தான் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வருகின்றன. எவ்வளவு பேச வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சகாயம் தினமும் படியேறி உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். பெரியதாழையிலிருந்து அந்தப் பெண் போன் செய்கிறது. இப்போது அந்தப் பெண், “மாத்திர போட்டியளா, நடந்தியளா” என்று இவளைக் கேட்கிறது.

இந்தப் பத்தியை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவள் சரி என்று தலையசைத்த பிறகே அனுப்புகிறேன். இரண்டு வரிகளை வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டேன். என்ன வரிகள் என்று கேட்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் சண்டை போடுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பேசாமல் இருந்து சண்டை போடாதீர்கள். கத்தியே போடுங்கள். கத்துகிறவர் நன்றாக இருக்கிறார் என்றாவது தெரியும்.

நேற்று கீழவைப்பாரிலிருந்து அவளுடைய அக்கா பார்க்க வந்திருந்தார். எனக்குப் பழைய புத்தி எங்கே போகும்? ரத்தக் குழாய், அடைப்பு, நாலரை மணி நேரம், ஊசி வேலை செய்யும் விதம் என்று கையை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. மெதுவாக... ஆனால் நடுவில் எங்கும் தடுக்காமல், வீட்டுக்கு வந்த பிறகு முதல் முழு வாக்கியம்.

“ஒங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது பிலோமி” என்றேன். அக்கா முன்னால்தான்.